களாக்காய் பீர் குடித்துப் பார்த்த புதன்கிழமை

என் அக்கா மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போன பையனை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. பஜ்ஜியை இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். செல்போனை எடுத்துப் பார்க்கவில்லை. பெண்ணிடம் தனியாக ஏதாவது பேச வேண்டுமா என்று கேட்டதற்கு, ஆமாம் பேசணும் என்று நேராகச் சொன்னான். மாடிப்படிப் பக்கம் போய் இருவரும் பேசினார்கள். திரும்பி வந்தபோது இரண்டு பேர் முகமும் போனபோது இருந்த மாதிரியேதான் இருந்தது. அதை நல்ல அறிகுறி என்றாள் அக்கா.

பையனுக்குச் சொந்த ஊர் கே.ஜி.கண்டிகை. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பையன் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு பெங்களூரில் வேலையில் இருந்தான். என்ன வேலை என்று கேட்டபோது, உணவு பதப்படுத்துகிற கம்பெனி என்று தரகர் முந்திக்கொண்டு சொன்னார். பையனின் அப்பா கையிலிருந்த காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காபி பிடித்துவிட்டது போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பெண் கொடுப்பதற்கு முன் ஒரு ஆள் நேரில் போய் விசாரித்துவிட்டு வரவேண்டும் என்றார் பாவா. பாவா என்பது அக்காவின் வீட்டுக்காரர். பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்பும் வேர்க்கடலையும் போடுகிறவர். அங்கே பாதிப் பேச்சு தெலுங்கு என்பதால் அக்கா புருஷன் எங்களுக்கு எப்போதும் பாவாதான். தாய்மாமன் என்ற முறையில் விசாரிக்கிற வேலை எனக்கு வந்தது. எனக்குத் திருத்தணியில், மலைக்குப் போகிற ரோட்டில் கண்ணாடிக் கடை. மலையில் மொட்டை அடித்துக்கொண்டு இறங்குகிறவர்கள், முடி போனதும் கண்ணாடி தளர்ந்துவிட்டது, மூக்கில் நிற்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். காதுக் கம்பியைச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பேன். எப்படியும் லென்ஸ் வாங்க பெங்களூர் போகிறவன்தானே, அப்படியே பார்த்துவிட்டு வந்துவிடு என்றார் பாவா.

பையன் போனில் அனுப்பிய முகவரிக்கு நான் போய்ச் சேர்ந்தது உச்சி வேளையில். கல்யாண மண்டபம் அளவுக்கு ஒரு கட்டடம். உள்ளே உயரமான ஸ்டூல்களில் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்து, காம்பு வைத்த கண்ணாடிக் கோப்பைகளில் என்னவோ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பால் பண்ணையில் இருப்பது போல ஆள் உயரத்துக்கு மேல் பெரிய பெரிய எவர்சில்வர் தொட்டிகள். முகவரி மாறி வந்துவிட்டோம் என்று திரும்பிப் போகப் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, முன்பக்கமெல்லாம் ஈரமாக, பையன் வெளியே வந்தான்.

"வாங்க அங்கிள். நான் இங்க பீர் செய்றேன். வீட்ல சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

உணவு பதப்படுத்துகிற கம்பெனி என்றுதான் சொன்னார்கள் என்றேன். அவன் அதை நன்றாக யோசித்தான். பிறகு, பதப்படுத்துவது என்று சொல்ல முடியாது, ஒரு வகையில் பார்த்தால் நான் செய்வது அதற்கு நேர் எதிரான வேலை என்றான்.

சுற்றிக் காட்டினான். முளை கட்டிய பார்லியைக் கொதிக்க வைக்கிற இடத்தில் சத்துமாவுக் கஞ்சி வாசனை அடித்தது. அது மற்றவர்கள் வேலை செய்கிற இடம். அவனுடைய இடம் கடைசியில், தனியாகக் கதவு போட்ட ஓர் அறை. அதில் மரப் பீப்பாய்கள் அடுக்கியிருந்தன. அவன் செய்வது புளிப்பு பீர். தயிருக்கு உறை ஊற்றுவது மாதிரி கிருமியை விட்டுப் புளிக்க வைத்து, பீப்பாயில் மாதக்கணக்கில் போட்டு வைப்பார்களாம். அந்தக் கிருமி மற்ற தொட்டிகளுக்குப் பரவிவிட்டால் மொத்த பீரும் கெட்டுவிடும் என்பதால், அவன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். அவனுடைய குழாய், வாளி, துடைப்பம் எல்லாம் தனி. சாப்பிடும்போது கூட உட்காருவார்களா என்று கேட்டேன். உட்காருவார்கள், கை கழுவினேனா என்று கேட்டுவிட்டு உட்காருவார்கள் என்றான்.

ஒரு கிளாஸ் குடித்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டான். விசாரிக்க வந்த இடத்தில் குடிப்பது முறையில்லை என்றேன். அது சரிதான் என்று எலுமிச்சம்பழ ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தான். ஜூஸைக் குடித்துவிட்டு, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். நீ குடிப்பியா தம்பி என்று.

"குடிப்பேன் அங்கிள். செய்றதைக் குடிச்சுப் பாக்காம எப்படி. சாயங்காலம் ஒரு கிளாஸ். அதுக்கு மேல போனா மறுநாள் நாக்கு வேலை செய்யாது."

எங்கள் சொந்தத்தில் எத்தனையோ மாப்பிள்ளைகளை இந்தக் கேள்வி கேட்டிருக்கிறோம். குடிப்பேன் என்று பதில் சொன்னவன் இவன் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லோரும் பழக்கமே இல்லை என்றவர்கள். அவர்களில் சிலரைப் பிறகு நான் தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் நேராகப் பள்ளிப்பட்டுப் போனேன். பாவா கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அவர் பின்னாலேயே வரப்பில் நடந்தேன்.

"இன்னா வேலை பண்றான்?" என்று திரும்பாமலே கேட்டார்.

"பீர் செய்றான் பாவா."

பாவா ஒரு மடையை அடைத்து இன்னொரு மடையைத் திறந்தார். தண்ணீர் அந்தப் பக்கம் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

"விக்கிறானா, செய்றானா?"

செய்கிறான் என்றேன். அதுவும் புளிப்பு பீர் என்றேன்.

"பீரு புளிச்சா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் மச்சான். கடைல திருப்பிக் குடுத்துடணும்."

"வேணும்னே புளிக்க வெக்கிறாங்களாம் பாவா."

பாவா அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். "வேணும்னேவா?" என்றார்.

பாவா பீர் தெரியாதவர் இல்லை. கரும்பை வெட்டி மில்லுக்கு அனுப்பிய அன்றைக்கு ஒரு பாட்டில் குடிப்பார். அக்காவுக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அன்றைய சாப்பாட்டில் அக்கா கூடுதலாக ஒரு முட்டை வைப்பாள்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னோம். அக்கா சமையலறைக்குள் போய் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அந்த பீர் செய்கிற இடம் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டாள். தரையைக் கழுவிக்கொண்டே இருக்கிறார்கள், நம் ஊர் ஆஸ்பத்திரியைவிடச் சுத்தம் என்றேன். அக்கா மறுபடியும் உள்ளே போய் அழுதாள். ஆனால் இந்த முறை அழுகையோடு பாத்திரம் கழுவுகிற சத்தமும் கேட்டது.

என் அக்கா மகள் திருத்தணியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். தினமும் பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்து சாப்பிடுவாள். மறுநாள் அவள் வந்தபோது, விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவளுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் எலுமிச்சை சாதத்தைப் பிசைந்துகொண்டே, பீர் சமாச்சாரம்தானே மாமா என்றாள். மாடிப்படியில் நின்று பேசியபோதே பையன் சொல்லிவிட்டானாம். அன்றிலிருந்து போனிலும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"யாரும் என்னைக் கேக்கலையே மாமா. நைனா தரகரைக் கேட்டாரு. அம்மா உன்னைக் கேட்டாங்க."

அவன் பீரில் விடுகிற கிருமியின் பெயரைக்கூட அவளுக்குச் சொல்லியிருக்கிறான். அவள் வேலையில் அந்த மாதிரி ஒன்றைக் கண்ணாடித் துண்டில் பார்த்தால், ரிப்போர்ட்டில் எழுதி டாக்டருக்கு அனுப்பிவிடுவார்களாம். அதை அவனிடம் சொன்னாளாம். அவன் ரொம்ப நேரம் சிரித்தானாம். அவளும் அதைச் சொல்லும்போது சிரித்தாள். பருக்கை மோரில் விழுந்தது. அவளைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். காது குத்தும்போது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்து எனக்குக் கவலையாக இருந்தது. பாவா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்தச் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்று யோசித்தேன்.

பாவா வேண்டாம் என்று உடனே சொல்லவில்லை. ஒரு வாரம் போல ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, ஒருநாள் காலையில் எனக்குப் போன் செய்தார். "வேணாம்னு சொல்றதுக்கும் ஒரு காரணம் வேணும் இல்ல. அந்த பீரை ஒரு பாட்டில் எடுத்துகினு வரச் சொல்லு. குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

பையனிடம் சொன்னேன். எப்போது வரட்டும் என்று மட்டும் கேட்டான். அதுதான் கஷ்டமாகப் போயிற்று. திங்கட்கிழமை அக்கா ஒருபொழுது இருப்பாள். செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு. வியாழக்கிழமை பாவாவே என்னவோ வேண்டுதலில் இருந்தார். ஞாயிறு என் கடையில் கூட்டம். மிஞ்சியது புதன்கிழமை. அடுத்து வந்த புதன் கிருத்திகையாகப் போய்விட்டதால் அதற்கு அடுத்த புதன் என்று முடிவானது.

இடம் இன்னொரு கஷ்டம். பாவா வீட்டில் அக்கா விடமாட்டாள். நிலத்தில் கரும்பில் காய்ந்த சோகையை உரிக்க ஆட்கள் வருகிறார்கள். என் வீட்டு மொட்டை மாடி வசதியாக இருக்கும் என்றேன். அங்கே நின்றால் மலைமேல் கோபுரம் தெரியும், முருகர் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்து என்னால் குடிக்க முடியாது என்றார் பாவா. கடைசியில் என் கடைக்குப் பின்னால் கண் பரிசோதிக்கிற அறை என்று ஆயிற்று. அதற்கு ஜன்னல் கிடையாது. எந்தச் சாமிக்கும் தெரிய வாய்ப்பில்லை.

அந்தப் புதன்கிழமை மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தேன். பையன் ஒரு தெர்மாகோல் பெட்டியோடு வந்தான். பாவா வெள்ளை வேட்டி சட்டையில் வந்திருந்தார். அறையில் இருந்தது நோயாளி உட்காருகிற உயரமான நாற்காலி ஒன்று, எனக்கு ஒரு ஸ்டூல். பாவா நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். எதிரே சுவரில் தமிழ் எழுத்தும் தெலுங்கு எழுத்தும் பெரிதிலிருந்து சிறிதாகப் போகிற அட்டை. பையன் நின்றுகொண்டான்.

பெட்டியிலிருந்து பாட்டிலோடு, துணியில் சுற்றிய கண்ணாடிக் கோப்பைகளும் எடுத்தான். என்னிடம் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறதே என்றேன். இதுக்கு வாசனை முக்கியம் அங்கிள் என்றான். மூடியைத் திறந்தபோது பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. வெளிறிய ரோஜா நிறத்தில் ஊற்றினான். பீர் ஏன் இந்த நிறத்தில் இருக்கிறது என்று பாவா கேட்டார்.

களாக்காய் போட்டிருக்கிறேன் என்றான் பையன். ஊருக்கு வந்திருந்தபோது பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு அம்மா களாக்காயைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தாராம். மொத்தத்தையும் வாங்கி பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பீப்பாயில் போட்டானாம். கொஞ்சம் உப்பும் போட்டிருந்தான்.

"களாக்காயை ஊறுகாய் போடுவாங்க," என்றார் பாவா.

"ஆமாங்க."

"பருப்புல போட்டுக் கடைவாங்க."

"ஆமாங்க. எங்க அம்மாவும் கடைவாங்க."

பாவா கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். அப்படியே நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, ஆட்டுப்பட்டி வாசனை வருது என்றார். எனக்குச் சங்கடமாக இருந்தது. பையனின் முகம் மலர்ந்துவிட்டது.

"அதேதாங்க. அந்த வாசனை ஒரு தனி ஈஸ்ட்டால வர்றது. அதை வரவெக்கத்தான் இத்தனை மாசம் ஆச்சு. நிறைய பேருக்கு அது பிடிபடாது. நீங்க உடனே சொல்லிட்டீங்க."

"எங்க வீட்ல ஆடு இருக்குப்பா," என்றார் பாவா.

ஒரு வாய் குடித்தார். கண் பரிசோதனை நாற்காலியில் மருந்து விட்டுக்கொண்டவர்கள் கண்ணை இறுக்கி மூடுவது போல மூடிக்கொண்டார். திறந்து அட்டையில் இருந்த எழுத்துகளைப் பார்த்தார்.

நானும் குடித்தேன். முதலில் கன்னத்து எலும்பு சேருகிற இடத்தில் யாரோ விரலால் அழுத்தியது போல இருந்தது. காது அடைத்துத் திறந்தது. பிறகு உப்பு வந்தது. அதன் பின்னால் மழையில் நனைந்த கோணிப்பை வாசனை. விழுங்கிய பிறகு வாய் சுத்தமாக, காலியாக இருந்தது. மோசம் என்று நினைத்தேன். மோசம்தானா என்று உறுதி செய்துகொள்ள இன்னொரு வாய் குடித்தேன். அப்போதும் உறுதியாகவில்லை.

ஷட்டருக்கு அடியில் குனிந்து யாரோ வருகிற சத்தம் கேட்டது. அக்காவும் அவள் மகளும். மகள் லேபிலிருந்து வந்திருந்தாள். அக்கா பள்ளிப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். என் பெண்ணுடைய விஷயத்தை மூன்று ஆம்பிளைகள் இருட்டறையில் முடிவு செய்ய நான் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது என்று அவள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாளாம். அறைக்குள் வந்ததும் பாவா கையில் இருந்த கோப்பையைப் பார்த்தாள். பாவா அதை வைக்க இடம் தேடினார். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் மேஜை கிடையாது.

"எப்படி இருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

பாவா தன் தீர்ப்பைச் சொன்னார். சாராயம் மாதிரி ஒன்றைச் செய்கிறான் என்பதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். அவருக்கு உறுத்தியது வேறு.

"கெட்டுப்போனதை நல்லா இருக்குன்றான். நாளைக்கு உன் பொண்ணு சமைச்சது கெட்டுப்போனாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான்."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "அது நல்லதுதானே," என்றாள்.

பையன் தலையைக் குனிந்துகொண்டு பாட்டிலின் மேல் வழிந்திருந்த ஈரத்தைத் துடைத்தான். அக்கா என் கையிலிருந்த கோப்பையில் ஆள்காட்டி விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அவள் வாழ்க்கையில் அதற்கு முன்னாலும் பின்னாலும் பீரைத் தொட்டதில்லை. உப்பு கொஞ்சம் கம்மி என்றாள். பையன் அதை மரியாதைக்காக ஒத்துக்கொள்ளவில்லை. உப்பு கூடினால் களாக்காய் அடங்கிவிடும் என்றான். அப்படியென்றால் களாக்காயைக் கூடப் போட வேண்டியதுதானே என்றாள் அக்கா. போட்டுப் பார்த்தேன், துவர்ப்பு ஏறிவிடுகிறது என்றான் பையன். இருவரும் இப்படிப் பேசிக்கொண்டிருந்ததை பாவா உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அக்கா மகள் கையை நீட்டி, எனக்கும் குடுங்க என்றாள்.

உனக்கு எதுக்கும்மா என்றார் பாவா.

"அவரு தினம் செய்றது நைனா. என்னான்னு நானும் தெரிஞ்சிக்கறேன்."

பையன் சுத்தமான கோப்பை ஒன்றை எடுத்து, அடியில் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தான். அவள் விரலைத் தொட்டுப் பார்க்கவில்லை. முழுசாக ஒரு வாய் குடித்தாள். அந்த அறையில் எத்தனையோ பேர் எழுத்து தெரியாமலே தெரிகிறது என்று சொல்லி ஊகித்துப் படிப்பதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் வீட்டுக்காரர் நின்றால் இன்னும் அதிகமாக ஊகிப்பார்கள். அவளும் ஏதாவது ஒன்றைச் சமாளித்துச் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்குப் பிடிக்கல," என்றாள்.

பையன் தலையை ஆட்டினான். நிறைய பேருக்குப் பிடிக்காது என்றான்.

"பிடிக்கலன்னு சொன்னா உங்களுக்கு வருத்தமா?"

அவன் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்வதுதான் வழக்கம். அவன் கோப்பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"கொஞ்சம்," என்றான்.

அவள் சரி என்றாள். கோப்பையில் மிச்சம் இருந்ததை அவனிடமே கொடுத்தாள். அவன் அதைக் குடித்தான். அக்கா சுவரில் இருந்த தெலுங்கு எழுத்துகளை வாசிக்கத் தொடங்கினாள்.

பாவா நாற்காலியிலிருந்து இறங்கினார். யோசித்துச் சொல்லியனுப்புகிறேன் என்று பையனிடம் சொன்னார். பையன் கோப்பைகளைக் கழுவித் துணியில் சுற்றினான். கிளம்பும்போது என்னிடம், நீங்க ரெண்டாவது வாய் குடிச்சீங்க அங்கிள், பார்த்தேன் என்றான். அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை என்றேன்.

அடுத்த சில நாட்கள் பாவா யோசித்தார். அவர் யோசிக்கிறார் என்பது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆட்டுப்பட்டிக்குப் போய் நின்றுகொண்டு மூச்சை இழுத்து இழுத்துப் பார்க்கிறார் என்றாள். வீட்டில் யாரைப் பார்த்தாலும் அதில் ஆட்டு வாசனை வந்தது உண்மைதானே என்று கேட்டாராம். அக்காவுக்கு உப்புதான் தெரிந்தது. மகளுக்கு ஊசிப்போன எலுமிச்சை மாதிரி இருந்ததாம். எனக்குக் கோணிப்பை. ஆட்டை ஒத்துக்கொள்ள யாரும் இல்லை. பையன் ஒருவன்தான் ஒத்துக்கொண்டவன், அவனிடம் பாவா பேச விரும்பவில்லை.

கடைசியில் வேண்டாம் என்று முடிவு செய்தார். ஆனால் தரகர் மூலமாகச் சொல்லியனுப்புவது சரியில்லை, பையன் பொய் சொல்லவில்லை, அதனால் அவன் அப்பாவை நேரில் பார்த்துச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்றார். என்னையும் வரச் சொன்னார். என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கே.ஜி.கண்டிகை வரைக்கும் வந்தார். அக்கா மகள் அன்று மதியம் கடைக்குச் சாப்பிட வரவில்லை. லேபில் வேலை இருக்கிறது என்று மெசேஜ் அனுப்பியிருந்தாள். நைனா எங்கே போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

பையனின் அப்பா டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகலாம் என்றார். இல்லைங்க, இங்கேயே பேசிவிடலாம் என்றார் பாவா. வீட்டுக்குள் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டால் வேண்டாம் என்று சொல்வது கஷ்டம். அவருக்கும் அது புரிந்துவிட்டது. மூன்று டீ சொன்னார்.

அவரே முதலில் பேசினார். "பையன் எதையும் மறைக்கலீங்க. தரகர்கிட்ட அப்டி சொல்லச் சொன்னது நான்தான். பீருன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றார். அவருடைய பஸ்ஸில் குடித்துவிட்டு ஏறுகிறவர்களை நடுவழியில் இறக்கிவிட்டவர் அவர். பெற்ற பிள்ளை அந்தச் சரக்கையே செய்கிறான் என்று எந்த முகத்தோடு சொல்வது என்றார்.

பாவா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் வேறொன்றைக் கேட்டார்.

"நீங்க அதைக் குடிச்சுப் பாத்தீங்களா?"

"ஆங். ஒரு வாய்."

"எப்டி இருந்துச்சு?"

கண்டக்டர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வாயில வெக்க முடியலீங்க. பெத்த பையன் செஞ்சதை அப்டி சொல்லக் கூடாது. ஆனா அதுல ஒரு ஆட்டு நாத்தம்."

பாவா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்ல யாருமே நம்பல," என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசியதில் எனக்குப் பெரிய வேலை இல்லாமல் போயிற்று. அது வெள்ளாட்டு வாசனையா செம்மறி வாசனையா என்பதில் தொடங்கினார்கள். கிடா வாசனை என்று முடிவானது. நல்லா இல்லடா என்று மகனிடமே சொல்லிவிட்டேன், அவன் கோபித்துக்கொள்ளவில்லை, ஏன் நல்லா இல்லை, எங்கே நல்லா இல்லை, முன்நாக்கிலா பின்நாக்கிலா என்று ராத்திரிச் சாப்பாடு முடிகிற வரைக்கும் கேட்டுகினே இருந்தான் என்றார் கண்டக்டர். பாவா, ஆட்டு வாசனை என்று சொன்னதற்குத் தன்னையும் கோபிக்காமல் பாராட்டினான் என்றார். பிறகு பேச்சு கரும்புக்குப் போனது. அப்புறம் பஸ்ஸில் ஆட்டை ஏற்றிக்கொண்டு வருகிறவர்களை என்ன செய்வது என்பதற்குப் போனது. இரண்டாவது டீ பாவா சொன்னார். வேண்டாம் என்று சொல்ல வந்த மனுஷன் கடைசிவரை அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. அவர் மறந்துவிட்டாரோ என்று நான் ஒரு தடவை தொண்டையைச் செருமினேன். இருமலா என்று கேட்டு எனக்கு ஒரு மிக்சர் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது வண்டி வேகமெடுத்த பிறகு, என் காதருகில், "சம்பந்தி நல்ல மனுஷன்" என்றார்.

நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். இன்னா ஆச்சு என்றார். ஒன்றுமில்லை, கண்ணில் பூச்சி விழுந்துவிட்டது என்றேன். கண்ணாடி போட்டிருக்கிறாயே என்றார். அக்கா மகளுக்கு அங்கேயே போன் செய்தேன். சம்பந்தின்னு சொல்லிட்டார் என்று மட்டும் சொன்னேன். சாப்பிட்டியா மாமா என்றாள். மிக்சர் சாப்பிட்டேன் என்றேன்.

கல்யாணம் மலைமேல் நடந்தது. அன்றைக்கு முகூர்த்த நாள் என்பதால் எங்களுக்கு முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. மாலை மாறிப் போகாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. தாய்மாமன் சீரை நான் கொடுத்தேன். பையன் வேட்டியில், வெறுங்காலோடு, நல்ல பிள்ளையாக நின்றான். அக்கா அழுதாள். இந்த முறை எல்லோருக்கும் முன்னால், வழக்கப்படி அழுதாள்.

கீழே மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, கனகம்மாசத்திரத்திலிருந்து வந்திருந்த பாவாவின் பெரியப்பா மகன், மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். நான் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா எட்டத்திலிருந்து பாவாவைப் பார்த்தாள். உணவு பதப்படுத்துகிற கம்பெனி என்று சொல்லிவிட்டால் எந்தப் பிரச்சினையும் இல்லை.

"பீரு செய்றாரு," என்றார் பாவா. "பெங்களூர்ல. புளிப்பா ஒண்ணு, அவரு மட்டும்தான் செய்றாரு."

நல்லா இருக்குமா என்று கேட்டார் அவர்.

"நல்லா இருக்காது," என்றார் பாவா. "நான் குடிச்சிருக்கேன். உன்னால வாயில வெக்க முடியாது."

சொல்லிவிட்டு, அந்த வரிசையில் வடை வராத இலை எது என்று குனிந்து பார்த்துக்கொண்டே போனார்.